வாடகைக்கு இல்லாத அறை

அன்புள்ள வேலுவுக்கு,

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். வீட்டில் இருந்தவரை உன்னிடம் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசாதவள், நீ அணைக்கட்டு வேலைக்கு வடக்கே போய் இரண்டு வருஷம் கழித்துத் தாள் தாளாக எழுதினால் உனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். செல்வி படித்துச் சிரித்தால் சிரிக்கட்டும். உன் கடிதத்தில் நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். செல்விக்கு ஐந்தாம் மாதம். உங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சின்ன அறை கூடுதலாக இருக்கிறது. அதைக் குழந்தைக்கென்று ஒதுக்கப் போகிறீர்கள். அதிகம் செலவில்லாமல், நான் உனக்குச் செய்தது போல, அதை எப்படி அழகு பண்ணுவது என்று கேட்டிருந்தாய். இது ஒன்று. கடைசி வரியில், பெயருக்கு மேலே, 'என் அறையை அப்படியே வைத்திருங்கள், யாருக்கும் விடவேண்டாம்' என்று எழுதியிருந்தாய். இது இன்னொன்று. உன் கடிதம் வந்த நாளில் உன் அப்பா அந்த அறையில் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். வருகிற கோடைச் சீசனுக்கு அதை வாடகைக்கு விடலாம் என்று அவருக்கு எண்ணம். சித்திரை பிறப்பதற்குள் அந்த அறை என்ன ஆகப்போகிறது என்று முடிவாக வேண்டும். அதைப் பற்றியும் சொல்ல வேண்டியது எனக்கு ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

உனக்கு அறை வேண்டும் என்று முதலில் சொன்னது நானில்லை, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். உனக்கு அப்போது ஐந்து வயது. மார்கழியில் தொடங்கிய இருமல் மாசி வரை நிற்கவில்லை. நாம் மூவரும் சமையலறையில்தான் படுப்போம். கொடைக்கானல் குளிருக்கு அடுப்புப் பக்கம் படுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. கம்பவுண்டர் உன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து நாங் குடுக்கேன். ஆனா புகையில படுக்க வெச்சுக்கிட்டு இங்க வராதீங்க" என்றார். வீட்டில் இருந்த வேறு ஒரே அறை பின்பக்கத்துப் பூண்டு அறை. மலைக்கு மேலே ஊரிலிருந்து உன் தாத்தா அனுப்பும் பூண்டுக் கட்டுகள் உத்திரத்தில் தொங்கும். விலை நன்றாக இருக்கும்போது வத்தலக்குண்டுச் சந்தைக்கு லாரியில் இறங்கும். அதில் நீ படுக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பாதான் கேட்டார். தாத்தா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏத்தா, ஐஞ்சு வயசுப் பயலுக்குத் தனி ரூமா? அவன் என்ன கலெக்டரா? பூண்டு எங்க தொங்கும்?" உன் அப்பா உடனே, "பூண்டு ஒரு பக்கம் தொங்கட்டும்ப்பா, பய ஒரு பக்கம் தூங்கட்டும்" என்றார். தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் உனக்கு அறை கிடைத்தது. இன்றைக்கும் அந்தக் கம்பவுண்டரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அது பலகைச் சுவர், தகரக் கூரை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே வரும் காற்றில் விளக்குச் சுடர் நிற்காது. ஆகவே நான் முதலில் யோசித்தது அழகை இல்லை, காற்றை. உனக்கும் அதைத்தான் சொல்வேன்: முதல் வருஷம் குழந்தைக்குச் சூடும் வெளிச்சமும் இருந்தால் போதும், படமும் பொம்மையும் அப்புறம். நான் பாடம் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டினேன். அரிசிக் கஞ்சியால் ஒட்டினேன், அது முதல் தவறு. ஐப்பசி ஈரத்தில் கஞ்சி பூசணம் பிடித்து, கரப்பான் வந்து, தாள் அரைச் சுவருக்குத் தொங்கியது. பி.ஏ. படித்தவளுக்குப் பசை காய்ச்சத் தெரியவில்லை. பழனியில் உன் இன்னொரு தாத்தா, என் அப்பா, அடிவாரத்தில் விபூதி, சந்தனக் கடை வைத்திருந்தவர், கணக்குப் புத்தகம் தைப்பவரிடம் கேட்டு ஒரு கார்டில் எழுதினார்: மைதா மாவுப் பசை, அதில் பூசணமும் பூச்சியும் வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அப்படி ஒட்டியது பல வருஷம் நின்றது. மயில்துத்தம் விஷம், செல்வியைத் தொட விடாதே. நீயே காய்ச்சு, காய்ச்சிய பாத்திரத்தைத் தூர எறிந்துவிடு. விளக்குக்குப் பின்னால், சூடு தாளில் படாமல் இருக்க, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து ஆணி அடித்து வைத்தேன். அதில் பட்டு வெளிச்சம் இரண்டு மடங்காகத் திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ அதன் முன்னால் உட்கார்ந்து சுவரில் இருந்த தலைப்புச் செய்திகளை எழுத்துக்கூட்டிப் படிப்பாய். இரண்டு தாளை நான் தலைகீழாக ஒட்டிவிட்டிருந்தேன். அவற்றைக் கட்டிலில் தலையைத் தொங்கப்போட்டுப் படிப்பாய். இருமல் அந்த வருஷத்தோடு போயிற்று. பூண்டு வாடை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னை 'பூண்டு' என்று கூப்பிட்டார்கள் என்பதை நீ என்னிடம் சொல்லவே இல்லை, உன் கூட்டாளி ஒருவன் வாசலில் நின்று, "பூண்டு இருக்கானாங்க?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

கட்டிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள் இல்லையா? அப்படி ஒரு பங்களா வாசலில் குழந்தைகளுக்கான இரும்புக் கட்டில் ஒன்றைப் பார்த்தேன், பக்கத்தில் கம்பி வைத்தது. மூன்று நாள் அந்த வழியாகப் போய் வந்தேன். ஆங்கிலம் எனக்கு நன்றாகத் தெரியும். விலை கேட்கத்தான் தெரியவில்லை. நான்காம் நாள் உன் அப்பாவிடம் சொன்னேன். "என்ன டீச்சரு, கேட்டுக்கு வெளியே நின்னா கட்டிலு நடந்தா வரும்?" என்று சொல்லிவிட்டுப் போய், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாமல், கையைக் காட்டியே பேரம் பேசித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். நீ வளர வளர அந்தக் கட்டில் போதவில்லை. அப்பா கால்மாட்டுக் கம்பியை அறுத்துவிட்டு அங்கே ஒரு தேயிலைப் பெட்டியை வைத்தார். அடுத்து அதன்மேல் பலகை, அடுத்து இன்னும் நீளப் பலகை. "கட்டிலுக்கு வாலு மொளைச்சுக்கிட்டே போகுது, எப்பக் கொரங்கா மாறும்?" என்று கேட்பாய். கல்யாணம் ஆகிப் போகும் வரை அதில்தான் படுத்தாய். புதுக் கட்டில் கேட்டதில்லை. அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயதில் கூரைத் தகரம் மாற்ற வேண்டி வந்தது. சீசனில் எல்லாரும் அறை விடுகிறார்களே என்று உன் அறையை மதுரைக் குடும்பம் ஒன்றுக்கு இரண்டு மாதம் விட்டோம். உன்னிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். அவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். உன் கட்டிலில் அந்த அம்மாள் கால் நீட்டிப் படுத்திருந்தாள். சமையலறையிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"யாரு தம்பி நீ?"

"இங்க இருக்கறவன்."

"அப்படியா. ஏம்ப்பா, இந்த ரூமு ஏன் இப்படிப் பூண்டு வாடை அடிக்குது?"

"இது பூண்டு ரூமுதாங்க. நாந்தான் நடுவுல வந்தேன்."

அவள் சிரித்தாள். நீயும் சிரித்துவிட்டு உள்ளே வந்து, பையை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எத்தனை நாளும்மா?" என்று மட்டும் கேட்டாய். இரண்டு மாதம் என்றேன். சரி என்றாய். அந்த இரண்டு மாதமும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து போர்வையை மடித்து வைத்துவிடுவாய், நான் அடுப்புப் பற்ற வைக்க இடம் வேண்டும் என்று. நீ ஒரு தடவை அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்கப்புறம் நாலைந்து சீசனுக்கு விட்டோம், ஒவ்வொரு முறையும் உன்னிடம் சொல்லிவிட்டு. முதல் தடவை சொல்லாமல் விட்டதை அதெல்லாம் ஈடுகட்டவில்லை. குழந்தையின் அறையில் விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டியதில்லை, வேலு. ஆனால் அதில் ஒரு பலகையை நகர்த்துவதாக இருந்தாலும் அதனிடம் கேட்டுவிட்டு நகர்த்துங்கள். செல்வியிடமும் சொல்.

அடுத்தது வரைபடம். உனக்குப் பதினொரு வயது. ராஜ்யங்களைப் பாஷைவாரியாகப் பிரித்த பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது வரைபடங்கள் வந்தன. பழைய மதராஸ் ராஜதானி வரைபடத்தைக் கழித்துவிட்டார்கள். ஆள் உயரம், பின்னால் கெட்டித் துணி ஒட்டியது. உன் அறையின் வடக்குச் சுவரில் செய்தித்தாளையும் தாண்டிக் காற்று வந்துகொண்டிருந்தது. அந்தத் துணியைப் பார்த்ததும் அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தலைமையாசிரியையிடம் கேட்க வேண்டும். அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். ஆயா பாக்கியம் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இதை வெந்நீர் அடுப்புல வெக்கச் சொல்லிருக்காக. நீங்க காலையிலருந்து இதையவே பாத்துக்கிட்டு நிக்கிறீக. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வாயைத் தொறந்தாத்தானே தெரியும்? வெரசாச் சொல்லுங்க, எனக்குச் சோலி கெடக்கு" என்றாள். வேணும் என்றேன். அவளே போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

நீயும் அப்பாவும் சேர்ந்து நாலு பக்கமும் சட்டம் வைத்து அதைச் சுவரில் அடித்தீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வந்து பார்த்தபோது அறை பெரிதானது போல இருந்தது. எனக்குத் தோன்றாத ஒன்று, இத்தனை படித்தும் தோன்றாதது, நீ அதைப் பார்த்துப் படிப்பாய் என்பது. பரீட்சையில் நம் ராஜ்யத்தை வரையச் சொன்னதும் நீ விசாகப்பட்டினத்திலிருந்து மலபார் வரை ஒரே கோடாக வளைத்துவிட்டாய். உங்கள் வாத்தியார் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "ஏலே பூண்டு, மூணு ராஜ்யத்தையும் நீ ஒருத்தனே ஆளப்போறியா?" அன்று சாயங்காலம் அறைக்குள் நின்று நீ என்னிடம் சொன்னாய்: "அம்மா, நம்ம செவரு பொய் சொல்லுது." எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல் இருந்தது. பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் வீட்டுச் சுவரிலேயே பிழை.

கழற்றினால் காற்று வரும். ஆகவே மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மணியில், தாளில் எண்ணெய் தடவிக் காய வைத்து, பள்ளிக்கூடத்துப் புது வரைபடத்தின்மேல் வைத்து எல்லைகளை எடுத்துக்கொண்டு வந்தேன். சிவப்புப் பென்சிலால் பழைய வரைபடத்தின்மேல் போட ஆரம்பித்தேன். ஒரு விரற்கடை போவதற்குள் நீ, "நீ மலைய ரெண்டா வெட்டுறம்மா. இங்கிட்டுக் கொடு" என்று பென்சிலை வாங்கிக்கொண்டாய். அப்புறம் நான் எண்ணெய்த் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். மலபாரைப் பிரித்தாய், ஆந்திராவைப் பிரித்தாய், செங்கோட்டையையும் கன்னியாகுமரியையும் சேர்த்தாய். பழனி மலையில் எந்த ஊர் பெயரும் இல்லாத இடத்தில் தாத்தா ஊருக்கு ஒரு பூண்டு வரைந்தாய். அதற்கப்புறம் வாத்தியாரே வரைபடம் போட உன்னைத்தான் கூப்பிட்டார். இன்றைக்கு நீ சர்வே வேலையில் இருப்பதற்கு அந்தச் சுவர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீ படித்தாய், அதனால் இருக்கிறாய். ஆனால் என் பிழை உன்னைக் கெடுக்காமல் போனதற்கு நான் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும். உனக்கும் அந்தச் சிவப்புப் பென்சிலுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பதினாலு வயதில் நீ ஜன்னல் திரையைக் கழற்றினாய். என் பழைய சுங்குடிச் சேலையில் தைத்தது, கீழே சிவப்புக் கரை வைத்து. "பொம்பளப் புள்ள ரூமு மாதிரி இருக்கும்மா" என்றாய். ஈயத்தாளையும் எடுத்துவிட்டாய், அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. ஒரு மேஜை மட்டும் கேட்டாய். இரண்டு தேயிலைப் பெட்டிமேல் அப்பா பலகை அடித்துக் கொடுத்தார். திரையைச் சமையலறை ஜன்னலில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நான் உன்னிடம் பேசவில்லை. எப்போதும் அதிகம் பேசாதவள் என்பதால் உனக்கு அது தெரிந்திருக்காது. பிறகுதான் புரிந்தது. குழந்தை சின்னதாக இருக்கும்போது நாம் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைக்கிறோம். வளர வளர அது ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கும். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எதையும் நிரந்தரமாகச் செய்யாதே. ஆணியாக அடி, பசையாக ஒட்டு. சிமெண்ட் வைத்துக் கட்டாதே. விலை குறைந்ததாக இருந்தால் கழற்றும்போது உனக்கும் வலிக்காது.

நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். இனி உன் கடைசி வரிக்கு வருகிறேன்.

போன வாரம் அப்பா வடக்குச் சுவரை வெள்ளையடிக்க வேண்டும் என்று வரைபடத்துச் சட்டத்தைக் கழற்றினார். அடித்த நாளிலிருந்து அதைக் கழற்றியதே இல்லை. பின்னால் செய்தித்தாள் பழுப்பேறி அப்படியே இருந்தது. கட்டில் உயரத்தில், ஒரு தாளின் ஓரத்தில், பென்சிலில் உன் எழுத்து: 'இது வேலு ரூம். வாடகைக்கு இல்லை.' ஒன்பது வயது எழுத்து, 'ழ' போட வேண்டிய இடம் எதுவும் இல்லாததால் பிழையும் இல்லை. வரைபடத்தை அந்த இடத்தில் அடித்தது நீயும்தானே? தெரிந்தேதான் மூடினாயா? அப்பாவிடம் கேட்டேன். "நான் அன்னைக்கே பாத்தேன். பய நம்மகிட்ட சொல்லாதத நாமளா ஏன் கேக்கணும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "இருந்தாலும் டீச்சரு, பூட்டிப் போட்டா பூச்சிதான் குடியிருக்கும். சீசனுக்கு விடலாம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மறுபடியும் தகரம் ஒழுகுகிறது.

ஆக, அவர் விடலாம் என்கிறார். நீ அப்படியே வைத்திரு என்கிறாய். இரண்டு பேரும் என்னிடம்தான் சொன்னீர்கள். இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை. இதைக் குறையாக எழுதவில்லை, வேலு. வாயைத் திறக்காதவளிடம் யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

பழனியில் நான் விபூதி மூட்டைகளுக்கு நடுவில் படுத்து வளர்ந்தேன். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான்தான். விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். கல்யாணம் ஆனதிலிருந்து சமையலறை. பள்ளிக்கூட நோட்டுகளை அம்மிக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்துகிறேன். சில பிள்ளைகளின் நோட்டில் மஞ்சள் பட்டுவிடுகிறது. என் பி.ஏ. புத்தகங்கள் உன் கட்டிலின் வாலுக்கு அடியில், தேயிலைப் பெட்டியில், துணி சுற்றி இருக்கின்றன. உன் கால் அவற்றின்மேல்தான் இத்தனை வருஷம் இருந்தது, உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ கல்யாணம் ஆகிப் போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சில நாள் அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன் மேஜையில் உட்கார்ந்து படிக்கிறேன். அரை மணி நேரம். யாராவது வரும் சத்தம் கேட்டால் எழுந்து, பெருக்க வந்தது போல விளக்குமாற்றை எடுத்துக்கொள்கிறேன். நாற்பத்தைந்து வயதில் சொந்த வீட்டில் இப்படி ஒரு பொய்.

அந்த அறையை எனக்குக் கொடுப்பாயா?

நீ விட்டுப்போனபடி இருக்காது; சுங்குடித் திரையை மறுபடி மாட்டுவேன். சீசனுக்கும் விடமாட்டேன், தகரத்துக்கு என் சம்பளத்தில் வழி பார்க்கிறோம், அப்பாவிடம் அதை நானே சொல்லிவிடுவேன். ஆனால் அவர் முதலில் உன் வார்த்தையைத்தான் கேட்பார். ஆகவே அடுத்த கடிதத்தில் அவருக்கு ஒரு வரி எழுது. நீயும் செல்வியும் குழந்தையோடு வரும்போது அறை உங்களுக்குத்தான், என்னிடம் கேட்டுவிட்டு.

அந்தத் தாளை அப்பா இன்னும் வெள்ளையடிக்கவில்லை. நான் வேண்டாம் என்றேன், வாயைத் திறந்தே சொன்னேன். உன் எழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். நீ சரி என்று எழுதினால், அங்கே என் பெயரை எழுதிக்கொள்வேன்.

உன் அம்மா